அதே கறி, அதே சப்பாத்தி: தைப்பூச விரதத்தில் ஒளிந்திருந்த ஒவ்வாமை

பினாங்கில் ஒரு தனியார் கிளினிக்கில் உணவியல் நிபுணராக வேலை செய்கிறேன். இந்த நிகழ்வை எழுதச் சம்பந்தப்பட்டவரே சம்மதித்தார். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ முடிவுகளை எடுத்தவர் ஒவ்வாமை மருத்துவர். என் பங்கு சாப்பாட்டுத் தட்டோடு சரி. ஆனால் இந்தக் கதையில் முக்கால்வாசி அந்தத் தட்டில்தான் நடந்தது.

வந்த நாள்

2024 ஜனவரி 16, பொங்கலுக்கு மறுநாள். தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். 34 வயது ஆண், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கூட அவர் அம்மா. 48 நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு, அந்த வருடம் முதல் காவடி. ஐந்து வாரத்தில் நான்கு கிலோ இறங்கி 62 கிலோவில் நின்றிருந்தார்.

கையில் ஒரு காகிதத்தை மடித்து வைத்திருந்தார். சாப்பிடக் கூடாதவை என்று 31 உணவுகளின் பட்டியல். பருப்பு, சோயா, கச்சான் (வேர்க்கடலை), பால், தயிர், வாழைப்பழம், தக்காளி என்று போனது. ஏற்கெனவே கறி, மீன், முட்டை கிடையாது. அதன் மேல் இந்த 31.

"அப்புறம் என்னதான் தம்பி சாப்பிடுறீங்க?"

"சோறு, உருளைக்கிழங்கு, சப்பாத்தி. அம்மா சைவ மட்டன் வைப்பாங்க. அது மட்டும்தான் அக்கா ஒத்துக்குது."

அந்தக் கடைசி வரியைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தேன். எழுதும்போது அதில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் நடந்தவை

விரதம் தொடங்கியது டிசம்பர் 9. முதல் சம்பவம் 20ஆம் தேதி. வேலை முடிந்து வந்து மாலை ஐந்தரைக்குச் சாப்பிட்டார், ஏழு மணிக்கு உறுமி மேளக் குழுவோடு காவடி ஆடிப் பழகப் போனார். அரை மணி நேரத்தில் கழுத்திலிருந்து முதுகு வரை தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உட்கார்ந்து விசிறியதும் அடங்கிவிட்டது. கிளினிக்கில் வேர்க்குரு என்று லோஷன் கொடுத்தார்கள். வீட்டில் விரதச் சூடு என்றார்கள்.

யாரோ ஒரு நண்பர் சொல்லி, 680 வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஓர் இரத்தப் பரிசோதனை எடுத்தார். அந்த 31 வந்தது அதிலிருந்துதான். அது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை. நாம் ஒன்றை அடிக்கடி சாப்பிட்டால் உடம்பு அதற்கு ஐஜிஜி உண்டாக்குவது சாதாரணம். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இரண்டுமே சொல்லியிருக்கின்றன. உடனடி ஒவ்வாமைக்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், அதற்குள் ஒரு மனிதரின் புரதம் மொத்தமும் தட்டிலிருந்து போய்விட்டது.

போனதும் என்ன ஆனது? பருப்பு, தௌஃபூ (டோஃபு), தயிர் நின்ற இடத்தில் சப்பாத்தியும் சைவ மட்டனும் இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்தன.

இரண்டாவது சம்பவம் டிசம்பர் 31. மதியம் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, லிப்ட் பழுது என்பதால் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி நாலு மாடி ஏறினார். இந்த முறை தடிப்போடு உதடும் வீங்கியது, வாந்தியும் எடுத்தார். ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாததைத்தான் சாப்பிட்டேன் என்று இவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது ஜனவரி 13, சனிக்கிழமை, தண்ணீர்மலையில். காவடி எடுக்கும் ஐந்து பேர் படி ஏறிப் பழகப் போனார்கள். மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. மூன்றரை மணிக்குச் சாப்பாடு: நாலு சப்பாத்தி, ஒரு கிண்ணம் சைவ மட்டன் பிரட்டல். முழங்கால் வலி என்று நாலரைக்கு ஒரு டைக்ளோஃபினாக் மாத்திரை. ஐந்தரைக்கு ஏறத் தொடங்கினார்கள். பாதியைத் தாண்டியபோது உள்ளங்கை இரண்டும் தாங்க முடியாமல் அரித்ததாம். காது அடைத்தது. குரல் கரகரத்தது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

நண்பர்கள் திருநீறு பூசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அதுவரை சரி. பிறகு கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்கள், நடத்திக் கீழே கொண்டுபோய்விடலாம் என்று. நின்ற மறுநொடி கண் இருட்டி விழுந்தார். அப்போது இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பெண், தாதியாம், "நிக்க வைக்காதீங்க, படுக்கப் போடுங்க" என்று கத்தி, அகலமான படியில் கிடத்தி, இரண்டு காலையும் தன் பைமேல் தூக்கி வைத்திருக்கிறார். அனஃபைலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் காலில் போய்த் தேங்கும். அந்த நேரத்தில் சட்டென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் இல்லாமல் போகும். நின்றதாலேயே இறந்தவர்கள் உண்டு. அந்தப் பெண் யாரென்று இன்றுவரை தெரியாது. அவர் அம்மா முருகனே அனுப்பிய ஆள் என்கிறார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

அவசரப் பிரிவில் மேல் இரத்த அழுத்தம் 80க்குக் கீழே. தொடையில் அட்ரினலின் போட்டதும் ஏறியது. ஓர் இரவு வைத்திருந்து, ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள் என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்று மட்டும் விட்டுப்போனது. இப்படி வருபவருக்கு முதல் சில மணி நேரத்துக்குள் டிரிப்டேஸ் என்ற பொருளை இரத்தத்தில் அளந்தால் நடந்தது ஒவ்வாமை அதிர்ச்சிதான் என்று உறுதியாகச் சொல்ல உதவும். அன்று யாரும் எடுக்கவில்லை.

போனில் இருந்த நாட்குறிப்பு

ஒவ்வாமை மருத்துவர் திங்கட்கிழமையே பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பியிருந்தார். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் சோயா, கச்சான், பால் எதற்கும் எதிர்வினை இல்லை. கோதுமைக்கும் இல்லை. கடிதத்தின் அடியில் ஒரு வரி: "சாப்பாட்டையும் உடல் உழைப்பையும் சேர்த்துப் பாருங்கள்."

வழக்கமாக உணவு நாட்குறிப்பு எழுதச் சொல்லி இரண்டு வாரம் காத்திருப்போம். இங்கே ஒன்பது நாள்தான் இருந்தது. அவர் அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. விரதம் தொடங்கியதிலிருந்து மகனின் தட்டைத் தினமும் படம் எடுத்து ஈப்போவில் இருக்கும் தங்கைக்கு வாட்சாப்பில் அனுப்பியிருக்கிறார். ஒரு நாள் தவறவில்லை, நேரத்தோடு. மகன் போனில் நடை எண்ணிக்கை இருந்தது, மணிவாரியாக. இரண்டு போனையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்து, ஷிப்ட் அட்டவணையையும் விரித்து, ஒரு தாளில் கோடு போட்டோம்.

சைவ மட்டனோ சப்பாத்தியோ இருந்த நாட்கள் இருபத்திரண்டு. அதில் பத்தொன்பது நாள் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் யாருக்கும் கோதுமைமேல் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது நாளிலும் சாப்பிட்ட பிறகு நடை எண்ணிக்கை தரையோடு கிடந்தது. பெரும்பாலும் இரவு ஷிப்ட் வாரங்கள், சாப்பிட்டதும் படுத்துவிட்டார். மீதி மூன்று நாளில் சாப்பிட்டு இரண்டரை மணி நேரத்துக்குள் எண்ணிக்கை குத்தென்று ஏறியிருந்தது. டிசம்பர் 20, 31, ஜனவரி 13. மறுபக்கமும் பார்த்தோம்: சோறும் உருளைக்கிழங்கும் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆடப் போன நாட்கள் ஐந்து. ஒரு தடிப்பும் இல்லை.

அவர் அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "இவன் சின்னதிலேர்ந்து ரொட்டி சானாய் தின்னு வளர்ந்த பிள்ளை டாக்டர்." நான் டாக்டர் இல்லை ஆண்ட்டி என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. ரொட்டி சானாயும் கோதுமை மாவுப் பரோட்டாதான்.

கோதுமை மட்டும் போதாது

உணவும் உழைப்பும் சேர்ந்தால்தான் வரும் ஒவ்வாமை ஒன்று உண்டு. 1979இல் அமெரிக்க மருத்துவர்கள் முதலில் எழுதியது ஓட்டுடலி மீன் சாப்பிட்டு ஓடியவரைப் பற்றி. பிறகு பல உணவுகளில் கண்டார்கள், அதிகம் பேசப்படுவது கோதுமை. அதில் குற்றவாளி ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம் என்பதை 1999இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோதுமை சாப்பிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. கோதுமை சாப்பிடாமல் ஓடினாலும் ஒன்றுமில்லை. சாப்பிட்டு நாலு மணி நேரத்துக்குள் உடம்பை வருத்தினால் வரும். உழைக்கும்போது குடல் சுவர் இளகி, அரைகுறையாகச் செரித்த புரதம் அதிகமாக இரத்தத்துக்குள் கசிகிறது என்பது ஒரு விளக்கம். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் மதுவும் இதே வேலையைச் செய்யும். தண்ணீர்மலையில் கோதுமை, மாத்திரை, படி, வெயில் நாலும் ஒரே மாலையில் கூடிவிட்டன. பெரியவர்களானபின் திடீரென்று தொடங்குவதும் இதன் வழக்கம்தான். இருபது வருடம் ரொட்டி சானாய் தின்றது காப்பாற்றாது.

தோல் பரிசோதனை ஏன் ஏமாற்றியது? ஒமேகா-5 தண்ணீரிலும் உப்புநீரிலும் கரையாது. பரிசோதனைக்கு வைத்திருக்கும் கோதுமைச் சாற்றில் அது பல நேரம் போதுமான அளவு இருப்பதில்லை. அதனால் மருத்துவர் ஒமேகா-5க்கான ஐஜிஇ அளக்க இரத்தத்தைத் தனியாக அனுப்பினார். முடிவு 22ஆம் தேதி வந்தது, தெளிவாக நேர்மறை. அதற்குள் நாங்கள் வேலையைத் தொடங்கியிருந்தோம்.

இனி அந்த சைவ மட்டன். நம்மில் பலர் அதை ஏதோ சோயா என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிலது சோயாதான். ஆனால் நார் நாராகப் பிரிந்து, கடித்தால் இழுபடும் வகை கோதுமை மாவைத் தண்ணீரில் கசக்கி மாவுச்சத்தைக் கழுவித் தள்ளினால் மிஞ்சும் பசை, அதாவது குளூட்டன். ஒரு ரொட்டி சானாயில் ஆறேழு கிராம் கோதுமைப் புரதம் இருக்கும். இந்தப் பசையில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் வரும். இந்த ஒவ்வாமையில் அளவும் ஒரு காரணி. வாரத்துக்கு இரண்டு ரொட்டி சானாயும் மீ கோரிங்கும் (கோதுமை நூடுல்ஸ் பிரட்டல்) தின்றபோது எட்டாத அளவை, அசைவத்தை விட்ட ஐந்து வாரத்தில் எட்டிவிட்டார். விரதம் ஒவ்வாமையைக் கொண்டு வந்தது என்று சொல்ல மாட்டேன். விரதத்தில் எதைக் கறிக்குப் பதிலாக வைத்தோம் என்பதுதான் அதை வெளியே இழுத்தது.

இன்னொரு விஷயம், ஒவ்வாமை இல்லாத விரதக்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தில் சைவம் என்று போட்ட சில வகைகளில் முட்டை வெள்ளைக்கரு இருக்கும், இறுகிப் பிடிக்க. லேபிளில் மலாயில் 'பூத்தே தெலூர்' என்று இருந்தால் அதுதான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது மகனுக்கு வந்த நோயைவிட இதற்குத்தான் அதிகம் அதிர்ந்தார்.

ஒன்பது நாள் சமையல்

31ஐ அப்படியே ஓரம் வைத்தோம். சோயா, பருப்பு, தயிர், கச்சான் எல்லாம் மருத்துவர் சம்மதத்தோடு தட்டுக்குத் திரும்பின. நீக்க வேண்டியது ஒன்றே ஒன்று, கோதுமை.

19ஆம் தேதி அவர்கள் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். சப்பாத்தி மாவு, ரவை, சேமியா மூன்றும் யார் கண்ணிலும் படும். படாதவையும் இருந்தன. கிச்சாப் (சோயா சாஸ்) பாட்டிலில் சோயாவோடு கோதுமையும் சேர்த்துதான் புளிக்க வைத்திருந்தது. சைவ ஆயிஸ்டர் சாஸிலும் கோதுமை. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுத்து கடுகு அளவு. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினோம்: கோந்து, கோதுமை மாவு, அதற்குப் பிறகுதான் பெருங்காயம். முப்பது வருடமாக இதைத்தான் ரசத்தில் போடுகிறேன் என்று அம்மா டப்பாவையே முறைத்தார். ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தில் இருக்கும் கோதுமை இவரை ஒன்றும் செய்யாது என்பது என் கணிப்பு. ஆனாலும் அந்த ஒன்பது நாளுக்குக் கட்டிப் பெருங்காயமாகப் பார்த்து, மாவு கலக்காததை வாங்கினோம்.

லேபிள் படிப்பது மலேசியாவில் ஓரளவு சுலபம். 1985 உணவு விதிமுறைகளின்படி குளூட்டன் உள்ள தானியம், கச்சான் மற்றும் சோயா, மீன், பால், முட்டை இருந்தால் பொட்டலத்தில் சொல்லியாக வேண்டும். 'கண்டும்' என்ற மலாய்ச் சொல்லைத் தேடினால் போதும். 'தெப்புங் கண்டும்' என்றால் கோதுமை மாவு. அங்காடிக் கடையில் லேபிள் கிடையாது. அங்கே சொல்லிக் கொடுத்தது எளிது: மஞ்சள் மீ வேண்டாம், மீஹூனும் குவே தியாவும் அரிசி நூடுல்ஸ், ஆனால் கிச்சாப் ஊற்றாமல் பிரட்டச் சொல்ல வேண்டும். பசெம்பூர் என்ற சாலட்டில் இருக்கும் மாவுப் பலகாரங்கள் வேண்டாம்.

ஒரு வேளைச் சாப்பாட்டில் அவருக்கு 50 கிராம் புரதமாவது சேர வேண்டும். தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி) 100 கிராம் பொரித்தது, கெட்டிப் பருப்பு ஒரு கப், தயிர் ஒரு கப், சோறு. கணக்கு 50ஐத் தாண்டியது. தெம்பேயைச் சைவ மட்டன் மசாலாவிலேயே பிரட்டச் சொன்னது அம்மாவின் யோசனை. அதை நான் இப்போது மற்றவர்களுக்கும் சொல்கிறேன். சத்து மாத்திரை எதுவும் எழுதவில்லை. அசைவம் சாப்பிட்டு வந்தவர் உடம்பில் சில வாரத்துக்கு பி12 கையிருப்பு பொதுவாக இருக்கும்.

சண்டை வந்தது பிரசாதத்தில்தான். கேசரி ரவை, அப்பம் கோதுமை. "சாமி பிரசாதம் ஒன்னும் செய்யாது" என்றார் அம்மா. நான் வாய் திறப்பதற்குள் மகன், "சுண்டல், பொங்கல், பஞ்சாமிர்தம் இதெல்லாம் மட்டும் சாமி பிரசாதம் இல்லையா மா?" என்றார். அதோடு முடிந்தது.

தைப்பூசம்

காவடி அந்த வருடம் வேண்டாம், பால்குடம் எடுக்கலாம் என்றார் மருத்துவர். அதுவும் நிபந்தனைகளோடு. கோதுமை துளியும் கூடாது. வலி மாத்திரை கூடாது, வலித்தால் பாரசிட்டமால். உள்ளங்கை அரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அட்ரினலின் ஊசிப் பேனா இரண்டு, பக்கத்தில் ஒரு துணை. பேனா எல்லா மருந்தகத்திலும் இருப்பதில்லை, சொல்லி வைத்து வாங்க வேண்டியிருந்தது, விலையும் கையைக் கடித்தது. கூடப் போகும் தம்பிக்குப் பயிற்சிப் பேனாவை வைத்து என் அறையிலேயே பழக்கினோம்: தொடையின் வெளிப்பக்கம், வேட்டியின் மேலேயே குத்தலாம், குத்திவிட்டுப் படுக்க வைத்துக் கால் தூக்கி 999 கூப்பிடு, ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது பேனா. தம்பி முதல் முறை தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டைவிரலில் குத்திக்கொண்டான். பயிற்சிப் பேனாவில் ஊசி இல்லை, பிழைத்தான்.

25ஆம் தேதி பால்குடம் மேலே போய்ச் சேர்ந்தது. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். மீ பிரட்டல், வடை, கேசரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், மறுத்தால் மனம் நோகும். தம்பி கழுத்தில் தொங்கிய பையில் சோற்று உருண்டையும் மோரும் இருந்தன. பந்தல்களில் நீராகாரம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு

ஆறு மாதம் கோதுமையே இல்லாமல் இருந்தார், ஒரு தடிப்பும் வரவில்லை. அப்புறம் மருத்துவர் தளர்த்தினார்: சாப்பிட்டு ஆறு மணி நேரம் உழைப்பில்லை என்றால் ஒரு சப்பாத்தி, இரண்டு சப்பாத்தி. பொதுவாக இப்படிப்பட்டவர்களுக்கு இரவுச் சாப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்போம். ஷிப்ட் மாறும் ஆளுக்கு இரவு எது, பகல் எது? பகல் ஷிப்ட் வாரத்தில் இரவு மட்டும், இரவு ஷிப்ட் வாரத்தில் கோதுமையே இல்லை என்று வைத்தோம்.

ஒரு முறை வழுக்கினார். 2024 அக்டோபரில் ஒரு திருமண வீட்டில் தோசை என்று நம்பி ரவா தோசை சாப்பிட்டுவிட்டு, மேளத்துக்கு ஆடியிருக்கிறார். உள்ளங்கை அரித்தது. உடனே நின்று, மண்டபத்துத் தரையிலேயே நீட்டிப் படுத்துவிட்டாராம். குடித்துவிட்டு விழுந்தான் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். நல்ல வேளை, தடிப்போடு நின்றது. பேனாவைப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியிருக்க வேண்டுமா என்பதில் மருத்துவருக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

2025 பிப்ரவரி 11 தைப்பூசத்தில் காவடி எடுத்தார். விரதம் 48 நாளும் தெம்பே, பருப்பு, தௌஃபூ. எடை ஒரு கிலோதான் இறங்கியது. போன வாரம் கிளினிக்குக்கு வந்தது பேனா விஷயமாக. இரண்டுமே காலாவதி ஆகிக் கிடந்தன. புதியதற்குச் சீட்டு வாங்கப் போயிருக்கிறார்.